காது ஒடிந்த ஊசி

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குத் தெற்கே ரெடிச் என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி ஆரோ என்ற சிற்றாறு ஓடுகிறது. கரையில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கிறிஸ்தவ மடம் ஒன்றின் இடிபாடுகள். அதற்குச் சற்றுத் தள்ளிச் செங்கல்லில் கட்டிய பழைய ஆலை. அந்த ஆலையில் ஊசிக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கையால் துணி தைக்கிற, நம்மூர்ப் பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற, சாதாரண ஊசிக்கு.

ஆலையின் பெயர் ஃபோர்ஜ் மில். முதலில் இரும்புப் பட்டறையாக இருந்து, 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊசி துலக்கும் ஆலையாக மாறியது. ஆற்றுத் தண்ணீர் தள்ளிச் சுழலும் பெரிய சக்கரம்தான் அதன் இயந்திரங்களை ஓட்டியது. 1958 வரை வேலை நடந்தது. 1983-ல் எலிசபெத் அரசியார் வந்து அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். விக்டோரியா காலத்தின் பிற்பகுதியில் உலகம் வாங்கிய ஊசிகளில் 90 விழுக்காடு ரெடிச்சிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் செய்தவை என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் கொள்ளுப்பாட்டிமார் கிழிந்த ரவிக்கையை ஒட்டுப்போட்ட ஊசிகளிலும் பல அந்த ஆற்றங்கரையிலிருந்து கப்பலேறி வந்தவையாக இருக்கலாம்.

உறவினர் வீட்டுக்குப் பர்மிங்காம் போயிருந்தபோது நான் அங்கே போனேன். அங்கே பார்த்ததும் அதன் பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு கேள்வியும்தான் இந்தக் கட்டுரை.

வீட்டில் ஊசி இருப்பது யாருக்கும் தெரியாது. காலண்டர் அட்டையின் ஓரத்தில் குத்தியிருக்கும், நூல்கண்டில் செருகியிருக்கும், பழைய பவுடர் டப்பாவுக்குள் பொத்தான்களோடு கிடக்கும். தொலைந்தால் மட்டும் வீடே பதறும். பாயை உதறி, தரையைக் கையால் தடவி, தவழும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தேடுவார்கள். விளக்கு வைத்த பிறகு ஊசி கேட்டு யாரும் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் தெருவில் கண்டிப்பான வழக்கம். கோயில் வாசலில் ஊக்கும் ஊசியும் பாசிமணியும் விற்க உட்காரும் நரிக்குறவப் பெண்களிடம் வாங்கிய ஊசிப் பொட்டலம் ஒன்று பல வருஷங்களுக்கு வந்தது. பொட்டலத்தின் கறுப்புக் காகிதம் இன்னும் நினைவிருக்கிறது. ஊசி துருப்பிடிக்காமல் இருக்கத்தான் கறுப்புக் காகிதத்தில் சுற்றினார்கள் என்று ரெடிச்சில்தான் தெரிந்துகொண்டேன்.

மனிதன் செய்த கருவிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் பறவை எலும்பில் செதுக்கிய, காதுள்ள ஊசி கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 50,000 ஆண்டு வயது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குளிரில் உடலோடு ஒட்டிய தோலாடை தைக்க ஊசி இல்லாவிட்டால் மனிதன் அந்த வடக்கு நிலத்தில் தாக்குப்பிடித்திருப்பானா என்பதே சந்தேகம். ஆனாலும் கதை சொல்கிறவர்கள் எல்லோரும் ஊசியை எடுத்தது அதன் அற்பத்தனத்துக்காகத்தான். பாண்டவர்களுக்கு எவ்வளவு குறைவாகக்கூட நிலம் தர மாட்டேன் என்று சொல்லத் துரியோதனன் தேடி எடுத்த அளவு ஊசிமுனை. லாகூர்ப் பணக்காரர் துனிசந்திடம் குருநானக் ஓர் ஊசியைக் கொடுத்து, மறு உலகத்தில் வந்து திருப்பித் தரும்படி கேட்டதாக ஒரு கதை உண்டு. நம்மிடம் பட்டினத்தார் கதை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகருக்கு வளர்ப்பு மகன் மருதவாணன் விட்டுப்போன பெட்டியில் இருந்தது ஓர் ஓலையும் காது ஒடிந்த ஓர் ஊசியும். சாகும்போது அதுகூட உடன் வராது என்று படித்த நொடியில் அவர் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பினார்.

நல்ல ஊசியே அற்பம். காது ஒடிந்துவிட்டால் அதைவிட அற்பம் எதுவும் இல்லை. சிறுவயதில் கோயில் மண்டபத்தில் உபந்நியாசம் கேட்கும்போதெல்லாம் இதை மறுயோசனை இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தேன். ரெடிச் ஆலையில் ஊசி எப்படிப் பிறந்தது என்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது அந்த ஏற்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

ஊசி கம்பிச் சுருளிலிருந்து தொடங்குகிறது. இரண்டு ஊசி நீளத்துக்குக் கம்பியை வெட்டுவார்கள். சுருளில் கிடந்த கம்பிக்கு வளைவு இருக்கும். கட்டாகக் கட்டி, இரும்பு வளையங்களுக்குள் செருகி, சூடேற்றி, முன்னும் பின்னும் உருட்டி நேராக்குவார்கள். பிறகு இரண்டு முனைகளையும் சாணைக்கல்லில் தீட்டுவார்கள். அதன் பிறகுதான் காது. நடுவில் அச்சு குத்தி, இரண்டு காதுகளுக்கான பள்ளம் பதித்து, கையால் இயக்கும் துளைப்பொறியில் அந்தப் பள்ளங்களைத் துளையாக்குவார்கள். துளை போடுவதிலும், துளைத்த ஊசிகளை மெல்லிய கம்பிகளில் வரிசையாகக் கோப்பதிலும் பெண்களும் குழந்தைகளும் வேலை செய்தார்கள். பிசிறை அரத்தால் ராவி, நடுவில் ஒடித்தால் இரண்டு ஊசி. ஒடிக்கும் வரை தலையோடு தலை ஒட்டி இரண்டாகவே அது வளர்கிறது.

அதோடு முடியவில்லை. உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் எஃகு கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். அதைத் தணிக்க மறுபடி மிதமான சூடு. இந்தச் சூட்டில் சில ஊசிகள் கோணிக்கொள்ளும். சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்த வேண்டும். இப்போது ஊசி கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். பல்லாயிரம் ஊசிகளைச் சாக்குத்துணியில் பரப்பி, எண்ணெயும் சோப்பும் குருந்தக்கல் பொடியும் போட்டு, கல்யாண வீட்டுப் பாய் மாதிரி சுருட்டி இறுக்கிக் கட்டுவார்கள். அந்தச் சுருளைக் கனத்த மரப்பலகைக்கு அடியில் வைத்து, ஆற்றின் விசையில் முன்னும் பின்னும் உருட்டுவதுதான் ஃபோர்ஜ் மில்லின் வேலை. மணிக்கணக்கில் உருளும், நல்ல ரக ஊசி என்றால் நாள்கணக்கில். அவிழ்த்து, கழுவி, மரத்தூளில் உலர்த்தி, மறுபடி புதுப் பொடி போட்டுச் சுருட்டுவார்கள். கடைசியில் பளபளவென்று வெளியே வரும்போது தலையும் காலும் மாறிமாறிக் கிடக்கும். எல்லாத் தலைகளையும் ஒரே பக்கம் திருப்ப ஒரு பெண் விரலில் துணி சுற்றி ஊசி வரிசையின் ஓரத்தில் அழுத்துவாள். முனைகள் துணியில் குத்திக்கொண்டு வரும், தலைகள் தங்கிவிடும்.

விரலில் துணி சுற்றிக்கொள்கிற அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்தை நினைத்து அங்கேயே நின்றிருந்தேன். யார் முதலில் கண்டுபிடித்தாள் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய பொருளாதார நூலைக் குண்டூசித் தொழிற்சாலையிலிருந்துதான் தொடங்கினார். ஒரு குண்டூசியைப் பதினெட்டு வேலைகளாகப் பிரித்தால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 செய்துவிடலாம் என்ற அவருடைய கணக்கைப் பொருளாதாரம் படித்த எல்லோரும் அறிவார்கள். வேலையைப் பிரிப்பதன் லாபம் அந்தப் பக்கங்களில் மிகத் தெளிவாக இருக்கிறது. பிரித்த வேலைகளில் ஒன்று ஆளைக் கொல்கிற வேலையாக இருந்தால், அதைச் செய்கிறவனின் நெஞ்சு எப்படி இருக்கும் என்பது அங்கே இல்லை.

ரெடிச்சில் அந்த வேலை முனை தீட்டுவது. சாணைக்கல்லுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, கம்பிகளை விசிறி போல விரித்து, உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே உருட்டிக்கொண்டே கல்லில் பிடிக்க வேண்டும். ஒரே பிடியில் பல பத்துக் கம்பிகள். எல்லா முனையும் ஒரே சீராக வர வேண்டும். கைதேர்ந்தவனால்தான் முடியும். கத்தி தீட்டும்போது கல்லில் தண்ணீர் விடலாம். ஊசிக்கு விட முடியாது, துருப்பிடித்துவிடும். அதனால் உலர்ந்த கல். இரும்புப் பொடியும் கல்பொடியும் தீப்பொறியோடு நேரே முகத்துக்கு வரும். சில சமயம் வேகத்தில் கல்லே வெடித்துச் சிதறும். கல் வெடித்துச் செத்தவர்களைவிடத் தூசியில் செத்தவர்கள் பல மடங்கு. 1799-ல் ஜேம்ஸ் ஜான்ஸ்டன் என்ற வுஸ்டர் மருத்துவர் ஊசிமுனை தீட்டுகிறவர்களுக்கு மட்டும் வருகிற நெஞ்சு நோய் என்று தனியே ஒரு குறிப்பு வெளியிட்டார். இளம் வயதில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் நாற்பதைப் பார்க்கவில்லை. இன்று அந்த நோயின் பெயர் சிலிகோசிஸ். கல்லில் உள்ள சிலிகா நுண்துகள் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். சுற்றிலும் தழும்பு கட்டும். தழும்பு கட்டிய இடத்தில் காற்று புகாது. உள்ளே போன தூசியை வெளியே எடுக்க வழியில்லை. குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது.

இதற்குத் தீர்வு தேடியவர்கள் அப்போதே இருந்தார்கள். ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆபிரகாம் என்பவர் 1820-களின் தொடக்கத்தில் இரும்புத் துகளை ஈர்த்துக்கொள்ளும் காந்தக் கவசம் செய்தார்; பரிசும் பெற்றார். பின்னர் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறிகள் வந்தன. இரண்டையும் தொழிலாளிகள் எதிர்த்தார்கள்.

அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் மிக நல்ல கூலி முனை தீட்டுகிறவனுக்குத்தான். வேலை ஆபத்தானது, ஆட்கள் சுலபத்தில் வர மாட்டார்கள், வந்தவர்களுக்குக் கூலி அதிகம். விசிறி வைத்தால் ஆபத்து குறையும். ஆபத்து குறைந்தால் எவனும் வருவான். எவனும் வந்தால் கூலி விழும். தூசிதான் அவர்கள் சம்பளத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது.

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன், அதுவும் எங்கள் வீட்டுத் திண்ணையில்.

என் தாய்மாமன் மேலூர்ப் பக்கம் ஒரு கிரஷரில் வேலை பார்த்தார். பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, லாரியில் கொண்டுவந்து கொட்டி, இயந்திரத்தில் உடைத்து, சல்லடையில் பிரித்து முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ் என்று தனித்தனியாகக் குவிக்கிற இடம். மாமாவுக்கு வேலை இயந்திரத்தின் வாய்க்குப் பக்கத்தில்; கல் விழுகிற இடத்தில்தான் தூசி கூடுதல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். எங்களுக்கு அப்போது அது வேடிக்கை. மாமாவுக்கு வயசாகிவிட்டது என்று சிரிப்போம். கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சியில ஒரு துணியாவது கட்டிக்கக் கூடாதா மாமா?"

"கட்டுனா மூச்சு முட்டுது மாப்ளே. மூச்சு முட்டுனா கை ஓடாது. லோடு கணக்குலதான சம்பளம்?"

"அப்ப வேற வேல பாக்கலாம்ல?"

"தூசி இல்லாத வேலைக்கு இந்தச் சம்பளம் எவன் குடுப்பான், சொல்லு."

அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் அத்தை இரண்டு பெண்களை நர்ஸிங் படிக்க வைத்தார். மாமாவுக்கு இருமல் வந்தபோது காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டார். சிலிகோசிஸைக் காசநோய் என்று எடுத்துக்கொள்வது கல்வேலை நடக்கிற ஊர்களில் அடிக்கடி நடப்பதுதான். இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்ற ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் போதும். மாமா ஐம்பதைத் தாண்டவில்லை. துக்கத்துக்கு வந்த கிரஷர்க்காரர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "மாஸ்க் வாங்கிக் குடுத்தோம் தம்பி. போட மாட்டேன்றாங்க. நம்ம என்ன செய்ய முடியும்?"

அவர் பொய் சொல்லவில்லை. ரெடிச் முதலாளிகளும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். கவசம் கொடுத்தார்கள், விசிறி வைத்தார்கள், தொழிலாளி வேண்டாம் என்றான். நடந்தது அதுதான். இந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. தெரிந்தே தன் ஆயுளைக் குறைத்துக் கூலி வாங்குகிற மனிதனை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்?

அறியாமை என்று சொல்லிவிடலாம். பலரும் சொல்வது அதைத்தான். படிக்காதவர்கள், விளைவு தெரியாதவர்கள். என் மாமாவுக்குத் தெரியும். அவருக்கு முன்னால் அதே இடத்தில் நின்றவர் எப்படிப் போனார் என்று பார்த்துத்தான் அவர் அங்கே நின்றார். ரெடிச்சில் முனை தீட்டுகிறவனுக்கும் தெரியும். அண்ணன் போன வழி அவன் கண்முன்னால் இருந்தது. விதி என்று விட்டுவிட்டார்கள் என்பதும் பொருந்தவில்லை. விதியை நம்புகிறவன் கூலிக்காகச் சண்டை போட மாட்டான். இவர்கள் போட்டார்கள்.

அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்களிடம் விற்க இருந்தவை இரண்டு: கைத்திறன், மூச்சு. கைத்திறனை எவனும் பத்து வருஷத்தில் கற்றுக்கொண்டு போட்டிக்கு வந்துவிடுவான். மூச்சைக் கொடுக்கத் துணிகிறவன் குறைவு; அதனால் அதற்குத்தான் விலை. விசிறி வைக்க வந்தவர், விசிறி வைத்த பிறகும் உன் கூலி குறையாது என்று எழுதிக் கொடுத்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். லோடு கணக்கை மாற்றி நாள் கணக்காக்கியிருந்தால் என் மாமா துணி கட்டியிருப்பார். விசிறியா கூலியா, மூச்சா சம்பளமா என்று அவர்கள் முன்னால் வைத்த தேர்விலேயே கோளாறு இருந்தது. தேர்ந்தெடுத்தவனை மட்டும் நாம் விசாரிக்கிறோம்.

இதைச் சொல்லும்போது நண்பர்கள் சிலர், நாம் எல்லோருமே அப்படித்தானே, இரவு முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து உடம்பை விற்கவில்லையா என்று கேட்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் விற்கிறோம்தான். ஆனால் முதுகுவலியோடு அறுபதில் ஓய்வு பெறுகிறவனையும் முப்பத்தைந்தில் மூச்சுக்குத் தவிக்கிறவனையும் ஒரே வரியில் சேர்த்தால் பின்னவன் மறைந்துபோவான். நம் மனச்சாட்சிக்கு அது வசதி. அவனுக்கு அதனால் ஒன்றுமில்லை.

அருங்காட்சியகத்தின் இன்னொரு பக்கத்தில் அழகான பித்தளை ஊசிக்கூடுகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் ஏவரி என்ற ரெடிச்காரர் செய்து விற்றவை அந்த வகையில் மிகப் பேர்பெற்றவை: வண்ணத்துப்பூச்சி வடிவில், தள்ளுவண்டி வடிவில், நுணுக்கமான வேலைப்பாடு. இன்று அவற்றைத் தேடித்தேடிச் சேகரிக்கிறவர்கள் உண்டு. வெறும் அழகுப் பொருள்களை மட்டும் வைத்திருந்தாலும் அந்த இடத்துக்குக் கூட்டம் வந்திருக்கும். ஆனால் அதே கூரைக்குக் கீழே முனை தீட்டுகிறவனின் நோயையும் அவர்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். தன் ஊரின் பெருமையைச் சொல்கிற இடத்திலேயே அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல ஒரு நேர்மை வேண்டும். அதற்காக அந்தச் சின்ன இடத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பட்டினத்தார் ஊசிக்குத் திரும்புகிறேன். செய்முறையின் வரிசையை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். முனை தீட்டுவது முதலில். காது துளைப்பது பிறகு. காது துளைக்கும்போது உடைந்து, குப்பைக்குப் போகிற ஊசிக்கும் முனை ஏற்கெனவே தீட்டியாயிற்று. உதவாத ஊசி என்று நாம் ஒதுக்குவதற்கு முன்பே அதற்கான தூசியை ஒருவன் உள்ளே இழுத்துவிட்டான். நல்ல ஊசிக்கும் காது ஒடிந்த ஊசிக்கும் அவன் நுரையீரலில் வித்தியாசம் கிடையாது. அவன் செத்தபோது அந்தத் தூசி அவனோடு போயிற்று. ரெடிச் கல்லறைகளில் அவனோடு சேர்த்துப் புதைத்தார்கள். என் மாமாவின் நெஞ்சிலிருந்த கல்லை மேலூர்ச் சுடுகாட்டில் அவரோடு எரித்தோம். வாங்கியவனோடு எதுவும் வராது. செய்தவனோடு வந்திருக்கிறது.

பட்டினத்தாரை நான் மறுக்கவில்லை. அவர் வணிகர். கப்பல் கப்பலாகச் சரக்கு சேர்த்தவருக்கு வந்த ஓலை அது. சேர்க்கிறவர்களுக்கு இன்றும் அந்த ஓலை வேண்டும். பொருளை விட்டுவிடு என்று அது சொல்கிறது. ஆனால் பொருளை விடுவது வேறு, பொருளை அற்பம் என்று நினைப்பது வேறு என்று இப்போது எனக்குப் படுகிறது. அற்பம் என்று நினைத்த பொருளுக்குப் பின்னால் ஆள் இருப்பதே கண்ணில் படாமல் போகும்.

நம்மிடம் இன்னொரு ஊசிக் கதை உண்டு. திருவள்ளுவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஓர் ஊசியும் வைக்கச் சொல்வாராம். மனைவி வாசுகி சாகக் கிடக்கும் வரை ஏன் என்று கேட்கவில்லை. கடைசியில் கேட்டபோது அவர் சொன்னாராம்: சோறு சிந்தினால் ஊசியால் குத்தி எடுத்து, தண்ணீரில் கழுவி இலையில் போட்டுக்கொள்ளத்தான், நீ ஒரு நாளும் சிந்தாமல் பரிமாறியதால் அதற்குத் தேவையே வரவில்லை. கேள்வி கேட்காத மனைவியின் பெருமைக்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். அந்தப் பகுதி எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு பருக்கைக்காக ஆயுள் முழுக்க ஊசி எடுத்துவைத்த ஒரு மனிதர் அதில் இருக்கிறார். நாற்று நட்டவளின் முதுகு அந்தப் பருக்கையில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஊசி விடச் சொல்கிறது, இன்னொன்று பொறுக்கி எடுக்கச் சொல்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்காகச் சேர்க்கும்போது முதல் ஊசியும், அடுத்தவன் உழைப்பு என் கைக்கு வரும்போது இரண்டாவதும்.

ரெடிச்சில் பிற்பாடு முனை தீட்ட இயந்திரம் வந்தது. மனிதன் கல்லிலிருந்து விலகினான். நோய் விலகவில்லை, இடம் மாறிக்கொண்டது. நாம் சின்ன வகுப்பில் சிலேட்டில் எழுதினோமே, அந்தப் பலப்பத்தில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர் வட்டாரத்தில் செய்தது. கல்லைப் பலப்பமாக அறுத்தவர்கள் சிலிகோசிஸில் மாண்டதைப் பற்றித் தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதியிருக்கிறது. குஜராத்தின் காம்பத்தில் மோதிரக் கற்களுக்குப் பட்டை தீட்டுகிறவர்களுக்கும் இதே கதி. இந்த நோய் கண்டால் அரசுக்குத் தெரிவிப்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே மருத்துவரின் கடமையாக்கியது. ராஜஸ்தான் அரசு 2019-ல் இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்து, நோயாளியைக் கண்டறிந்து உதவித்தொகை தர ஏற்பாடு செய்தது. சட்டம் இல்லாத குறை நம்மிடம் இல்லை.

நம் ஊரில் ஜல்லிக்கு ஓர் அருங்காட்சியகம் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நாம் படுத்துறங்கும் கூரையிலும் நடக்கும் சாலையிலும் அது இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. மேலூரில் வைக்கலாம்; பழைய குவாரிப் பள்ளம் ஒன்றின் கரையில். சம்மட்டி, உளி, கிரஷரின் தேய்ந்த தாடைகள், லோடு எழுதிய நோட்டு, நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய் மாத்திரை அட்டை. ஜல்லி விழுகிற இடத்தில் தண்ணீர் தூவும் குழாயையும் அங்கே வைக்க வேண்டும். அதை வைத்தால் ரெடிச்சுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஊசியை நனைத்தால் துருப்பிடிக்கும். அதனால் நனைக்க முடியவில்லை. கருங்கல்லை நனைப்பதால் ஒன்றும் கெடாது.

போன வருஷம் தம்பி வீடு கட்டினான். தளம் போட ஜல்லி கொண்டுவந்த லாரி டிரைவரிடம், உங்கள் கிரஷரில் தண்ணீர் தூவுகிறார்களா என்று கேட்டேன். இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை போலிருக்கிறது. என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குழாய் போட்டிருக்காங்க சார். ஆனா தண்ணி அடிச்சா தூள் ஈரமாகி சல்லடைய அடைச்சுக்கும். அப்பப்ப நிறுத்திக் கழுவணும். அதுக்கு ஒரு ஆள் தனியா வேணும். அதான் திறக்கிறதில்ல."

அந்த ஆளின் கூலியை எல்லா லோடுக்கும் பங்கு போட்டால் ஒரு லோடுக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டேன். ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்.

"டீக்காசு கூட வராது சார்."